டில்லர் கனக்கிறதா? படகு கட்டிக் கிடக்கும் இடத்திலேயே முதலில் அசைத்துப் பாருங்கள்

கேள்வி: சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் ஓட்டுவதற்காக 1978-இல் கட்டிய கேட்டலினா 27 பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். காலையில் சொன்னபடி கேட்கிறது. மதியம் காற்று ஏறிவிட்டால் சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான டில்லரை இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் விட்டாலும் படகு காற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுவிடுகிறது. புதுச் சுக்கான் மாட்டினால் சரியாகுமா?

பதில்: பர்ஸை இப்போதே திறக்க வேண்டாம். படகு மரீனாவில் கட்டிக் கிடக்கும்போது டில்லரை இரண்டு விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தள்ளிப் பாருங்கள். அங்கேயே கனத்தால் அது உரசல். சுக்கான் தண்டைச் சுற்றித் தாங்கும் வளையமான புஷ் நைலானாக இருந்தால், தண்ணீரை உறிஞ்சி உப்பித் தண்டை இறுக்கிவிடும். இடுக்கில் சிப்பி வளர்ந்தாலும் இப்படித்தான் ஆகும். ஏதாவது ஒரே இடத்தில் மட்டும் பிடித்தால் தண்டு வளைந்திருக்கலாம்.

காலையில் சரியாக ஓடுகிறது என்கிறீர்கள். ஆகவே கோளாறு பெரும்பாலும் மேலே, பாயில்தான் இருக்கும். படகு இப்படித் தானாகவே காற்றை நோக்கித் திரும்பப் பார்ப்பதற்கு வெதர் ஹெல்ம் என்று பெயர். நானும் ஒரு காலத்தில் இதே தொல்லைக்குச் சுக்கானைக் கழற்றி, புஷ் மாற்றி, இரண்டு வார இறுதிகளை வீணாக்கியவன்தான். கடைசியில் பார்த்தால், தளர்ந்துபோன பழைய பாய்!

படகு சாயும்போது பாய்மரத்தின் உச்சி தண்ணீருக்கு மேலே பக்கவாட்டில் நீண்டுவிடுகிறது. பாயின் இழுப்பும் படகின் நடுக்கோட்டை விட்டு வெளியே போய்விடும். தள்ளுவண்டியை ஓரத்தில் பிடித்துத் தள்ளினால் கோணலாகத்தானே போகும்? அதே கதைதான். வருடக்கணக்கில் வெயிலும் காற்றும் பட்டு இழுபட்ட பாலியஸ்டர் பாயில் தொப்பை விழுந்து, அந்தத் தொப்பை பின்பக்கமாக நகர்ந்துவிடும். அதனால் படகு இன்னும் சாயும், டில்லர் இன்னும் கனக்கும்.

கோடை மதியங்களில் அங்கே 20, 25 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) காற்று சர்வசாதாரணம். அது வரும்வரை காத்திருக்காமல் பெரிய பாயில் ஒரு ரீஃப் போட்டுவிடுங்கள், அதாவது பாயைக் கொஞ்சம் இறக்கி அடிப்பகுதியைக் கட்டிச் சிறியதாக்குங்கள். பாய் ஏற்றும் கயிற்றை நன்றாக இழுத்துக் கட்டினால் தொப்பை கொஞ்சம் முன்னே வரும். பாயின் அடியில் கிடையாக நீளும் பூம் கழியின் முனையில் பாயை இழுக்கும் கயிற்றை இறுக்கினால் பாயின் அடிப்பகுதி தட்டையாகும். வீச்சு வந்து அடிக்கும்போது பெரிய பாயின் கயிற்றைப் பக்கவாட்டில் நகர்த்தும் டிராவலரைக் காற்று போகும் பக்கமாக இறக்குங்கள், டில்லரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அப்படியும் படகு நிமிரவில்லை என்றால் முன்பாயையும் சிறியதாக்குங்கள்.

எவ்வளவு கனம் இருக்கலாம்? சுக்கான் 3 முதல் 5 டிகிரி திரும்பி நிற்பது நல்லதுதான். கை தவறினால் படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பி வேகம் குறையும். 90 செ.மீ. நீள டில்லர் என்றால், நுனி நடுவிலிருந்து சுமார் 6 செ.மீ. தள்ளி நிற்கும். தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நுனி 15 செ.மீ. தள்ளி நின்றால் அது 10 டிகிரிக்குப் பக்கம். அந்த அளவில் சுக்கான் பிரேக் போலத்தான் வேலை செய்யும்.

அப்புறம், காற்றில்லாத ஒரு நாளில் பெரிய பாயை ஏற்றும் கயிற்றில் எடை கட்டித் தொங்கவிட்டு, பாய்மரம் பின்னால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். 10 மீட்டர் உயரத்தில் 1 டிகிரி சாய்ந்தாலே கயிறு அடியில் 17 செ.மீ. விலகி நிற்கும். சாய்வு அதிகமாகத் தெரிந்தால் பாய்மரத்தைப் பின்னாலிருந்து பிடிக்கும் கம்பியான பின் ஸ்டேயைத் தளர்த்தி, முன்னாலிருந்து பிடிக்கும் முன் ஸ்டேயை இறுக்கிக் குறைக்கலாம்.

இனி சுக்கான். இந்தப் படகுக்குச் சமநிலைச் சுக்கான்கள் கிடைக்கின்றன. அவற்றில் தகட்டின் ஒரு பகுதி சுழலும் அச்சுக்கு முன்னால் இருப்பதால் தண்ணீரே உங்களுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் குறைவது உங்கள் கைவலி மட்டும்தான். பாய் சரியில்லை என்றால் அதே 10 டிகிரியில் படகு பிரேக் பிடித்தபடியேதான் ஓடும். அதனால் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விலக்கு. அடுத்த முறை படகைக் கரையேற்றும்போது சுக்கானின் அடிமுனையில் சின்னத் துளை ஒன்று போட்டுப் பாருங்கள். வெறும் தண்ணீர் சொட்டினால் காயவைத்து அடைத்துவிடலாம். துரு நிறத்தில் வடிந்தால் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் அரித்துக்கொண்டிருக்கிறது. அப்போது தயங்காமல் புதுசு வாங்குங்கள்.