பந்தயம் முடித்த கிரேஹவுண்ட் வீட்டுக்கு வந்தால்: கேள்வி பதில்

பஞ்சாபின் ஊர்ப்புறப் பந்தயங்களில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்ட் இன வேட்டை நாய்களைத் தத்தெடுத்திருக்கும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட அன்பர்கள் சிலரின் கேள்விகளுக்கு, இவ்வினத்தை நெடுங்காலமாக வளர்த்துவரும் ஒருவர் எழுதிய பதில்கள்.

ஓசூரிலிருந்து: ஐயா, நாய் வந்து ஒரு வாரமாகிறது. மாடிப்படி ஏற மறுக்கிறது; டைல்ஸ் தரையில் கால் நடுங்க நிற்கிறது. நேற்று, தூக்கத்தில் தொட்ட என் மகனைப் பார்த்து உறுமியது. இதன் சுபாவமே இப்படியா?

பதில்: சுபாவம் அன்று, பழக்கமின்மை. கூண்டையும் வண்டியையும் ஓடுதளத்தையும் மட்டுமே கண்டு வளர்ந்த நாய்க்குப் படிக்கட்டும் வழுக்கும் தரையும் கண்ணாடிக் கதவும் முற்றிலும் புதியவை. வாசலிலிருந்து படுக்கைவரை கோணிச்சாக்கையோ ரப்பர் விரிப்பையோ இடைவெளியின்றிப் போடுங்கள். கண்ணாடிக் கதவில் அதன் கண்மட்டத்தில் காகிதம் ஒட்டுங்கள். படியேற இப்போது அவசரமில்லை. தூக்கத்தில் தொடுவதுதான் கவலைக்குரியது. கூண்டில் யாரும் தொடாமல் உறங்கிய இந்த நாய்கள் சில வேளை கண்ணைப் பாதி திறந்தபடியே தூங்கும். விழித்திருக்கிறது என்று நினைத்துப் பிள்ளைகள் கட்டிப்பிடித்தால், திடுக்கிட்டுக் கடித்துவிடவும் கூடும். தள்ளி நின்று பெயர் சொல்லி அழைத்து, அது தலையைத் தூக்கிப் பார்த்த பிறகே அருகில் போக வேண்டும் என்று மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள். உறுமியதற்காக அடிக்காதீர்கள், உறுமலை அடக்கினால், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும்.

போச்சம்பள்ளியிலிருந்து: எங்கள் மாந்தோப்பைச் சுற்றி முள்கம்பி வேலி இருக்கிறது. உள்ளே அவிழ்த்துவிடலாமா? கோழிகளும் உண்டு.

பதில்: கூடாது. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய நாய் ஒரு முயலையோ பூனையையோ கண்டுவிட்டால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. வேலியும் கண்ணில் படாது. தோல் மிக மெல்லியது, அடியில் கொழுப்பும் குறைவு. நாட்டு நாய் நக்கி ஆற்றிக்கொள்ளும் கீறலுக்கு இதற்குத் தையல் போட வேண்டியிருக்கும். ஆளுயரக் கம்பிவலையோ மதிலோ அமையும்வரை கயிற்றைக் கையிலிருந்து விடாதீர்கள். தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே அகலம் என்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டையைப் பின்வாங்கியே உருவிக்கொள்ளும். இழுத்தால் சற்றே இறுகும் அகலமான மார்ட்டிங்கேல் பட்டையே வேண்டும். நாய்க்கு வாய்க்கூடை மாட்டிய பிறகே கோழிகளைத் தூரத்திலிருந்து காட்டுங்கள். சில நாய்களுக்கு இது கடைசிவரை கைகூடாது. அப்போது கோழிகளைத் தனியே அடைப்பதே வழி. உதிர்ந்த மாங்காயையும் பொறுக்கிவிடுங்கள். விழுங்கிய கொட்டை குடலை அடைத்துக்கொள்ளும்.

பென்னாகரத்திலிருந்து: விலா எலும்பு தெரிகிறதே, ராகிக்களி கொடுத்துத் தேற்றலாமா?

பதில்: பின்பக்க விலா எலும்புகள் இரண்டு மூன்று இலேசாகத் தெரிவதே இவ்வினத்தின் இயல்பு. களி ஓரளவு போகலாம். வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்து எலும்பு நீக்கிய கோழிக்கறியும் முட்டையுமே முதன்மையாக இருக்கட்டும்.

தருமபுரி நகரிலிருந்து: கருத்தடைக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கூடுதல், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைவு என்று வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: இந்த மூன்றும் நலமான கிரேஹவுண்டிலேயே பிற நாய்களின் அளவிலிருந்து விலகித்தான் இருக்கும்; சிவப்பணுக்களின் அளவோ கூடியிருக்கும். ஆனால் இனத்தின் இயல்பு என்று தட்டணுக் குறைவை மட்டும் தள்ளிவிடக் கூடாது. உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா நோயிலும் அவை குறையும். பசியின்மை, காய்ச்சல், மூக்கில் இரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் எர்லிக்கியா சோதனையைச் செய்த பிறகே அறுவைக்குச் சம்மதியுங்கள். தயோபென்டோன் போன்ற பார்பிட்யூரேட் மயக்கமருந்துகளை இதன் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றுவதால், மயக்கம் தெளிய ஆபத்தான அளவுக்கு நேரமாகும். இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி மாற்று மருந்து கேளுங்கள். உள்ளூரில் வசதி இல்லையெனில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவதில் தயக்கம் வேண்டாம்.

அரூரிலிருந்து: சித்திரை வெயிலில் எப்போது நடத்துவது? தனியே விட்டால் ஊளையிடவும் செய்கிறது.

பதில்: விடிந்ததும் ஒரு நடை, தார்ச்சாலை ஆறிய பிறகு ஒரு நடை போதும், பகலெல்லாம் தூங்குவது சோம்பல் அன்று. மற்ற நாய்களுடன் கூட்டமாகவே வாழ்ந்த நாய் என்பதால், தனிமையைச் சிறுகச் சிறுகத்தான் பழக்க வேண்டும்: இரண்டு நிமிடம் வெளியே போய்த் திரும்புங்கள், பிறகு ஐந்து, பிறகு பத்து. போகும்போதும் வரும்போதும் கொஞ்சாதீர்கள்.