ஆடிக் காற்றில் பைக் ஆடினால் என்ன செய்வது?

தர்மபுரி–கிருஷ்ணகிரி சாலையில் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது, ஹேண்டில்பாரை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் வண்டி இன்னும் அதிகமாக ஆடுகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். இறுக்கிப் பிடிப்பதால்தான் ஆடுகிறது. காற்று முதலில் தள்ளுவது நம் உடம்பை. கை விறைப்பாக இருந்தால் அந்தத் தள்ளு அப்படியே ஹேண்டில்பாருக்குப் போய்விடும். முழங்காலால் டேங்க்கை நன்றாக அணைத்துப் பிடியுங்கள், முழங்கையைத் தளர்த்தி விடுங்கள். பாதி ஆட்டம் அங்கேயே அடங்கும்.

நான் தர்மபுரியிலிருந்து தினமும் கிருஷ்ணகிரிக்கு ஸ்ப்ளெண்டரில் வேலைக்குப் போய் வருகிறேன். 112 கிலோ வண்டி. ஆடியில் காற்று மேற்கே இருந்து வரும், நம் ரோடோ ஏறக்குறைய தெற்கு வடக்கு. அதனால் காலையில் போகும்போது இடது பக்கம் அடிக்கும், மாலையில் திரும்பும்போது வலது பக்கம். எனக்குக் காலைதான் பயம். இடமிருந்து தள்ளினால் வேகமாக வண்டிகள் வரும் வலப்பக்கத்துக்குப் போய்விடுவோம்.

இடப்பக்கக் காற்றுக்கு இடது கைப்பிடியை உள்ளங்கையால் லேசாக முன்னால் அழுத்துங்கள். வண்டி காற்றின் பக்கம் கொஞ்சம் சாயும், ஆனால் நேராகப் போகும். சாய்ந்தபடி நேராகப் போவது முதலில் விநோதமாக இருக்கும், இரண்டு நாளில் பழகிவிடும். வலப்பக்கக் காற்றுக்கு வலது கைப்பிடி.

சீராக அடிக்கும் காற்றை விட, நின்று நின்று அடிக்கும் காற்றுதான் ஆளைக் கவிழ்க்கும். முதல் வருடம் காவேரிப்பட்டணம் தாண்டி ஒரு கன்டெய்னர் லாரியை முந்தினேன். லாரி காற்றை மறைத்ததும் அதுவரை இடதுபக்கம் சாய்ந்திருந்த வண்டி லாரிப் பக்கமே இழுத்தது. பதறி நிமிர்த்தி, லாரியின் மூக்கைத் தாண்டிய நொடியில் காற்று மொத்தமாக வந்து அறைந்தது. நடுத்தடுப்பு அரளிச் செடி என் வலது தோளை உரசியது. ஒரு அடி தள்ளியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். இப்போது காற்று நாளில் லாரியை முந்துவதே குறைவு. முந்தினாலும் நன்றாக இடம் விட்டு, முகப்பைத் தாண்டும் முன்பே இடது கையைத் தயாராக வைத்துக்கொள்கிறேன். தென்பெண்ணைப் பாலம், குன்று மறைப்பு முடிகிற இடம், மேம்பாலத்தின் உச்சி எல்லாம் இதே கணக்குதான். சாலையோரப் புளியமரக் கிளை எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தாலே முன்கூட்டித் தெரியும்.

வேகத்தை 50க்குக் குறையுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும், அதனால் ‘நேற்று 70-ல் போனேனே’ என்ற கணக்கு இன்றைக்கு உதவாது.

அப்புறம், மாம்பழப் பெட்டியைப் பின்னால் உயரமாக அடுக்கிக் கட்டாதீர்கள், பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். பின்னால் அம்மாவோ மனைவியோ ஒருபக்கமாக உட்கார்ந்து வந்தால், அன்றைக்குப் பஸ்ஸில் போகச் சொல்லுங்கள். தயங்காமல் சொல்லுங்கள்.

டீ குடிக்க நிறுத்தும்போதும் கவனம் வேண்டும். சைடு ஸ்டாண்டு இடதுபக்கம் இருப்பதால், இடப்பக்கக் காற்று வண்டியை நிமிர்த்தி வலதுபக்கம் சாய்த்துவிடும். கியரில் போட்டு, வண்டியின் வலப்பக்கம் காற்றுக்குக் காட்டி நிறுத்துங்கள்.