ஏழாம் வகுப்பில் பள்ளியை மாற்றலாமா? பாளையங்கோட்டைத் தாய் ஒருவருக்கு எழுதிய பதில்

அன்புச் சகோதரிக்கு,

சென்ற சனிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு வந்த நீங்கள், சுற்றிய பீடியைக் கடையில் ஒப்படைக்க நேரமாகிவிட்டது என்று பாதிப் பேச்சிலேயே எழுந்து போக வேண்டியதாயிற்று. நீங்கள் விட்டுச் சென்ற கணக்கு நோட்டையும் முதல் பருவத் தேர்வுத் தாளையும் நிதானமாக இரண்டு முறை பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். உங்கள் கேள்விகள் மூன்று: மகளை வேறு பள்ளிக்கு மாற்றலாமா, அல்லது அதே மிஷன் பள்ளியின் ஆங்கில வழிப் பிரிவிலாவது சேர்க்கலாமா, அங்கே நடக்கும் வேதபாடமும் பாடகர் குழுவும் அவளுடைய படிப்பைக் கெடுக்கின்றனவா.

முதலில் தாளைப் பற்றிச் சொல்கிறேன். கணக்கில் வளரறி மதிப்பீட்டுக்கான, அதாவது பருவத்தின் இடையே வகுப்பில் செய்யும் பணிகளுக்கான, 40 மதிப்பெண்ணில் அவள் 34 பெற்றிருக்கிறாள். பருவ முடிவில் எழுதும் தொகுத்தறித் தேர்வில் 60க்கு 17. இரண்டையும் கூட்டி 51 என்று பார்த்தால் தேறிவிட்டாள் என்று தோன்றும். 17ஐ மட்டும் பார்த்தால் கணக்கே வராது என்று தோன்றும். இரண்டுமே சரியல்ல. வகுப்பில் ஆசிரியை முன்னால் இருந்து, நேரமும் இருந்தால் அவளால் செய்ய முடிகிறது. தனியாக உட்கார்ந்து புதிய கணக்கு ஒன்றைப் படித்துப் பொருள் கொள்ளும்போது தடுமாறுகிறாள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், பள்ளியை மாற்றுவதால் எது தீரும், எது தீராது என்பது உங்களுக்கே விளங்கும்.

அவள் செய்த பிழை ஒன்றைக் காட்டுகிறேன். ஒரு வேலையை 8 பேர் 6 நாளில் முடித்தால், 12 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்பது கேள்வி. அவள் 6ஐ 12ஆல் பெருக்கி, 8ஆல் வகுத்து, 9 நாள் என்று எழுதியிருக்கிறாள். பெருக்கலிலும் வகுத்தலிலும் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் ஆள் கூடினால் நாள் குறையும் என்பதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. 8 பேரும் 6 நாளும் சேர்ந்தால் 48 ஆள்நாள். அதை 12 பேருக்குப் பகிர்ந்தால் 4 நாள். இதைச் சொல்லிக்கொடுக்க நீங்கள் ஏழாம் வகுப்பு படித்திருக்க வேண்டியதில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு இலை என்றால் இரண்டாயிரத்துக்கு இரு மடங்கு இலை என்பதும், நீங்கள் ஒருவராகச் சுற்றும் ஆயிரத்தை உங்கள் நாத்தனாரும் கூட உட்கார்ந்தால் பாதி நேரத்தில் முடித்துவிடலாம் என்பதும் நீங்கள் நாள்தோறும் போடும் கணக்குகள். முதலாவது நேர் மாறல், இரண்டாவது எதிர் மாறல். ஒவ்வொரு கணக்குக்கும் விடை எழுதுமுன், “இது கூடுமா, குறையுமா?” என்று அவளை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், அந்த ஒரு கேள்வியை அவள் பழகிக்கொண்டாலே இந்தப் பாடத்தின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.

இன்னொரு பிழை முழுக்களில், அதாவது குறை எண்களும் சேர்ந்த முழு எண்களில், இருக்கிறது. குறை ஏழிலிருந்து குறை மூன்றைக் கழிக்கும் இடத்தில் குறை பத்து என்று எழுதியிருக்கிறாள். விடை குறை நான்கு. இதை நான் சிறு பிழையாகக் கருதவில்லை. முழுக்கள், இயற்கணிதம், நேர் எதிர் மாறல் ஆகியவை முதல் பருவத்திலும், அடுக்குகளும் வட்டமும் இரண்டாம் பருவத்திலும், சதவீதமும் தனிவட்டியும் மூன்றாம் பருவத்திலும் வருகின்றன. ஆண்டை மூன்று பருவமாகப் பிரித்துத் தனித்தனிப் புத்தகம் தரும் முப்பருவ முறையில் ஒரு பருவத்துப் புத்தகம் முடிந்ததும் அதை மூடி வைத்துவிடும் பழக்கம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அந்தப் பருவத்தில் விட்டது அப்படியே விட்டதாகிவிடுகிறது. எட்டாம் வகுப்புவரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்துவதில்லை என்பதால், இந்த ஓட்டை வெளியே தெரியாமல் ஒன்பதாம் வகுப்பு வரை அவளோடு வரும். அங்கே ஆண்டு முழுவதற்கும் ஒரே புத்தகம், அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு என்று வரும்போது முழுக்களுக்குத் திரும்பிப் போக நேரம் கிடைக்காது. அதனால்தான் ஏழாம் வகுப்பை நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி பள்ளி மாற்றம். ஏழரை விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்காக அரசுப் பள்ளியில் சேர்த்துவிடச் சொல்லி அண்டை வீட்டார் கூறியதாகச் சொன்னீர்கள். மருத்துவப் படிப்பில் 2020இலும் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளில் 2021இலும் வந்த அந்த ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. அரசு உதவிபெறும் பள்ளி அந்தக் கணக்கில் வராது. உங்கள் மகள் ஆறாம் வகுப்பை அரசு உதவிபெறும் மிஷன் பள்ளியில் முடித்துவிட்டாள். இப்போது மாற்றினாலும் அந்த வாய்ப்பு அவளுக்குத் திரும்ப வராது. ஆகவே அந்த ஒரு காரணத்துக்காக மாற்ற வேண்டாம்.

ஆங்கில வழிப் பிரிவைப் பற்றி உங்கள் அண்ணன் சொன்னதற்கு இன்னும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவர் அக்கறையோடுதான் சொல்கிறார், அவர் சொல்வதில் உண்மையும் இருக்கிறது: செவிலியராக வேண்டும் என்று மகள் சொல்கிறாள், அந்தப் படிப்பு ஆங்கிலத்தில்தான் இருக்கும், அப்போது திணறுவாள் என்கிறார். ஆனால் இன்று வழி மாறினால் கையைவிட்டுப் போவது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் முதலில் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டும் இருந்தது. பின்னர் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டுவரை தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பட்டப்படிப்போ பட்டயப்படிப்போ சேர்ந்து முடிக்கும்வரை வரும் பணம் அது. ஏழாம் வகுப்பில் ஆங்கில வழிக்குப் போனால் அந்தத் தகுதி அறுந்துவிடும். அரசுப் பணிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கான 20 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கும், 2020ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, முதல் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்கு உரிய கல்வித்தகுதிவரை தமிழிலேயே படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதியில் நடக்கும் தேர்வுகளை அவள் பிற்காலத்தில் எழுத நினைத்தால், முதல் வகுப்பிலிருந்து இதுவரை தமிழ்வழியில் படித்த ஆண்டுகள் அவளுக்குப் பயன்படும்.

அப்படியானால் ஆங்கிலத்துக்கு என்ன செய்வது? தமிழ்வழி அறிவியல் புத்தகமும் ஆங்கில வழி அறிவியல் புத்தகமும் ஒரே பாடம், ஒரே வரிசை, ஒரே படங்கள். பள்ளி நூலகத்திலோ, மேல்வகுப்பு மாணவியிடமோ, கைப்பேசியில் தரவிறக்கியோ ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் பெற்று, இரண்டையும் அருகருகே விரித்து வைத்துக்கொள்ளட்டும். வெப்பநிலைக்கு டெம்பரேச்சர், செல்லுக்கு செல், நுண்ணுயிரிக்கு மைக்ரோப் என்று வாரத்துக்குப் பத்துச் சொற்களைப் படத்தைப் பார்த்தே எழுதிக்கொண்டு வந்தால், பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்போது செவிலியர் படிப்புக்குத் தேவையான சொற்களில் பெரும்பகுதி அவளுக்குப் பழகியிருக்கும். பொருளைத் தமிழில் புரிந்துகொண்டவளுக்கு ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துக்கொள்வது கடினமல்ல. பொருளே புரியாமல் ஆங்கில வரியை மனப்பாடம் செய்த பிள்ளைகளை நான் பதினொன்றாம் வகுப்பில் நிறையப் பார்க்கிறேன், அவர்களை மீட்பதுதான் கடினமாக இருக்கிறது.

வேதபாடத்தைப் பற்றி உங்கள் மாமியார் கவலைப்படுவதாகச் சொன்னீர்கள். அரசியலமைப்பின் 28ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் படிக்கும் எவரையும், சிறு வயதினராயின் அவர்களுடைய பாதுகாவலரின் இசைவு இல்லாமல், சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது. நம் பகுதிப் பள்ளிகள் பலவற்றில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதபாடமோ மறைக்கல்வியோ நடக்கும் அதே பாடவேளையில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கிறது. உங்கள் மகளும் நன்னெறி வகுப்பில்தான் உட்காருகிறாள் என்பதை அவளே என்னிடம் சொன்னாள். அந்த மதிப்பெண் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்ற ஐந்து பாடங்களோடு சேருவதும் இல்லை. மாமியாருக்கு இதற்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், தலைமையாசிரியை அம்மாவைப் பார்த்து மரியாதையோடு நேரே சொல்லலாம். இசைவு தருவதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். நானும் இந்த ஊரில் இப்படியொரு பள்ளியில் படித்தவன். காலைக் கூட்டத்தில் நானூறு பேர் முன்னால் நின்று ஒரு பக்கத்தை நிறுத்தி, பொருள் விளங்கும்படி வாசிக்க வேண்டும் என்று எங்கள் தமிழாசிரியர் முறைவைத்து எங்களை அனுப்புவார். எனக்கு வாய் திக்கும். முதல் நாள் பாதியில் இறங்கி வந்துவிட்டேன். அடுத்த வாரமும் அவர் என்னையே அனுப்பினார், வாசிக்கும்போது மேடைக்குக் கீழே என் கண்ணுக்குத் தெரியும்படி நின்றுகொண்டார். இன்று பெற்றோர் கூட்டங்களில் நான் பேசுவது அங்கே தொடங்கியது. உங்கள் மகள் பாடகர் குழுவில் இருப்பதை நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கான ஒத்திகையும் தேர்வும் நெருக்கமாக வரும் என்பது உண்மை. அந்த இரண்டு வாரத்துக்கு மாலை ஒத்திகையிலிருந்து அரை மணி நேரம் முன்னதாக அனுப்புமாறு பொறுப்பாசிரியையிடம் கேளுங்கள். தேர்வுத் தாளில் தனியாகத் தடுமாறும் பிள்ளைக்கு, நாற்பது பேரோடு சேர்ந்து தவறாமல் பாடி முடிக்கும் பழக்கம் வேண்டிய ஒன்று.

இனி நான் சொல்லத் தயங்கியதைச் சொல்கிறேன். அவள் நோட்டைப் புரட்டிக் காட்டியபோது ஆள்காட்டி விரல் நகத்தின் ஓரத்தில் புகையிலைக் கறை இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் எத்தனை மணிவரை உங்களோடு தட்டின் முன்னால் உட்காருவாள் என்று கேட்டேன். முனை மடக்க ஏழிலிருந்து ஒன்பது மணிவரை என்றாள், அதைக் குறையாகச் சொல்லவில்லை, உங்களுக்கு உதவுவதில் அவளுக்குப் பெருமைதான். ஆனால் சகோதரி, கணக்கில் போன மதிப்பெண்கள் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் போயிருக்கின்றன. எந்தப் பள்ளிக்கு மாற்றினாலும் அந்த இரண்டு மணி நேரம் அப்படியேதான் இருக்கும். புகையிலைத் தூள் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மூச்சுக்கும் நல்லதல்ல. அவளுடைய கை அந்த வேலைக்கு இனி வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அதனால் வாரக் கூலியில் ஒரு பகுதி குறையும் என்பதை நான் அறியாமல் சொல்லவில்லை. அதற்கு ஈடாகக் கிடைக்கக்கூடிய இரண்டைச் சொல்கிறேன். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உங்களிடம் இருப்பதால், ஒன்றிய அரசின் தொழிலாளர் நல அமைப்பு பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு வழங்கும் கல்வி உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்; பெரிய தொகையல்ல, ஆனால் ஆண்டுதோறும் வரும். இரண்டாவது, அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாத, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள் அதை எழுதலாம். தேர்வு பெற்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 48,000. அந்தத் தேர்வுக்கான தகுதியே ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு எடுத்திருப்பதுதான். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. வினாத்தாளின் ஒரு பகுதி மனத்திறன், மற்றொரு பகுதி படிப்பறிவு. படிப்பறிவுக் கேள்விகளில் ஏழாம் வகுப்புப் பாடங்களும் வரும். ஆகவே மூன்று பருவத்துப் புத்தகங்களையும் பழைய கடைக்குப் போட்டுவிடாமல் எட்டாம் வகுப்பு முடியும்வரை வைத்திருங்கள்.

ஏழு மணிக்கு அரை மணி நேரம் கணக்கு, முழுக்களில் தொடங்கி நாளுக்கு ஐந்து. அதன்பின் அறிவியலோ சமூக அறிவியலோ ஒரு பக்கம், நீங்கள் சுற்றிக்கொண்டே கேட்கும்படி அவள் உரக்க வாசிக்க வேண்டும். எட்டரைக்குத் தமிழும் ஆங்கிலமும் எழுத்து. இவ்வளவு போதும், டியூஷன் இப்போதைக்கு வேண்டாம். அடுத்த முறை வரும்போது உங்கள் அடையாள அட்டையின் நகலையும், மகளின் ஆதார் அட்டையையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள்; உதவித்தொகை விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து நிரப்பிவிடலாம். சனிக்கிழமை கடைக்கு நேரமாகும் என்றால் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வந்தாலும் இருப்பேன்.