குளத்தை நிரப்பியது அரசு, போர்வெல்லில் இழுத்து விற்பது ஒருவர்: மூன்று ஊர்கள் சேர்ந்து என்ன செய்யலாம்?

கேள்வி: அவினாசி வட்டாரத்தில் எங்கள் ஊராட்சியும் பக்கத்து இரண்டு ஊராட்சிகளும் ஒரே ஓடையை ஒட்டி இருக்கின்றன. அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தில் எங்கள் குளத்துக்குத் தண்ணீர் வர ஆரம்பித்த பிறகு, வறண்டு கிடந்த தோட்டத்துக் கிணறுகளில் மறுபடி ஊற்றெடுத்தது. இப்போது மூன்றாவது ஊராட்சிக்காரர் ஒருவர் குளத்துக்கு அடுத்திருக்கும் தன் பூமியில் மூன்று போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டு, லாரியில் ஏற்றிக் கம்பெனிகளுக்கு விற்கிறார். கேட்டால் "என் பூமி, என் தண்ணி" என்கிறார். மூன்று ஊராட்சிகளும் சேர்ந்து, இவ்வளவுதான் எடுப்பது, வெளியே விற்பதில்லை என்று ஒப்பந்தம் போட நினைக்கிறோம். அவருடைய ஊராட்சி தயங்குகிறது. அப்படி ஒரு ஒப்பந்தம் சட்டப்படி செல்லுமா? அவர் மேல் வழக்குப் போடலாமா?
– ஒரு வாசகர், திருப்பூர் மாவட்டம்

பதில்:

"என் பூமி, என் தண்ணி" என்று அவர் சொல்வதற்குச் சட்டத்தில் ஆதாரம் இருக்கிறது. அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அவருடைய வழக்கறிஞர் கோர்ட்டில் எடுத்து வைக்கப்போவதும் அதைத்தான்.

1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், தொடக்கத்திலேயே அன்றைய சென்னை மாகாணத்துக்கும் சேர்த்து வந்தது. அதன் 7ஆம் பிரிவில் உள்ள 'ஜி' எடுத்துக்காட்டு, தன் நிலத்துக்கு அடியில் திட்டமான வாய்க்காலாக ஓடாத நீரை, தன் எல்லைக்குள் சேர்த்து வைக்கவும் பயன்படுத்தித் தீர்க்கவும் நில உரிமையாளருக்கு உரிமை உண்டு என்கிறது. இந்தக் கருத்து இங்கிலாந்திலிருந்து வந்தது. 1843இல் ஆக்டன் எதிர் பிளண்டெல் என்ற வழக்கில், பக்கத்தில் நிலக்கரிக்குழி தோண்டியதால் தன் பஞ்சாலைக் கிணறு வற்றிப்போனது என்று ஒருவர் வழக்குப் போட்டார். பூமிக்குள் நீர் எப்படிப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியாத விஷயம் என்று சொல்லி, நீதிமன்றம் நிவாரணம் தரவில்லை. இன்று பாறையின் எந்த வெடிப்பு வழியாக நீர் வருகிறது என்று கருவி வைத்துச் சொல்லிவிடலாம். அந்த அறியாமையின் மேல் கட்டிய சட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது. எனவே "அவர் போர் போட்டதால் என் கிணறு வற்றியது, நஷ்டஈடு வேண்டும்" என்ற ஒற்றை வரியை நம்பி சிவில் வழக்குப் போடாதீர்கள். கட்டணமும் காலமும்தான் வீணாகும்.

தமிழ்நாட்டுக்கென்று தனிச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 2003இல் நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நடைமுறைக்கே வராமல் 2013இல் அதை ரத்து செய்துவிட்டார்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்றும் இருக்கிறது, ஆனால் அது சென்னைப் பெருநகரத்துக்கும் அதைச் சுற்றிய கிராமங்களுக்கும் மட்டும்தான். கொங்குப் பகுதி விவசாயிக்கு இரண்டாலும் பயனில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் உங்கள் வழக்கில், மற்றவர்களுக்குக் கிடைக்காத பலம் ஒன்று இருக்கிறது. உங்கள் குளத்துக்கு வருவது வானத்திலிருந்து தானாக விழுந்த நீர் அல்ல. பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் உபரி நீரில் 1.5 டி.எம்.சி.யை, அரசு மின்சாரம் செலவழித்து மேடேற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1045 குளம் குட்டைகளுக்குக் குழாய் வழியாகக் கொண்டுவருகிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட இந்தத் திட்டத்தின் பெயரிலேயே நிலத்தடி நீர் செறிவூட்டல் என்பது இருக்கிறது. அதாவது அந்த நீர் நிலத்துக்குள் இறங்க வேண்டும் என்பதற்காகவே வருகிறது. பொதுப் பணத்தில், பொது நோக்கத்துக்காக, பொதுக் குளத்தில் விட்ட நீர், கரையைத் தாண்டி நாலு அடி உள்ளே போனதும் ஒருவருடைய விற்பனைச் சரக்காகிவிடுமா? எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கின் 1996 டிசம்பர் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், இயற்கை வளங்களுக்கு அரசு அறங்காவலர் என்ற கோட்பாடு நம் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. அந்தக் கோட்பாட்டை இவ்வளவு நேராகப் பொருத்தக்கூடிய இடம் அதிகம் கிடையாது. 'தன் எல்லைக்குள்' என்றுதான் 1882ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. தோட்டத்துக்குப் பாய்ச்சுவது எல்லைக்குள். லாரியில் ஏற்றி ஊர் தாண்டி விற்பது எல்லைக்குள்ளா? உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவில் (அரசு தன் கடமையைச் செய்யக் கோரும் மனு) இவை இரண்டையும் முதல் வாதமாக வைப்பேன்.

ஆனால் இந்த வாதத்தை ஊராட்சித் தீர்மானத்தால் மட்டும் வென்றுவிட முடியாது. பாலக்காடு பிளாச்சிமடையில் நடந்ததைப் பாருங்கள். குளிர்பான ஆலையின் உரிமத்தைப் பெருமாட்டி ஊராட்சி புதுப்பிக்க மறுத்தது. 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களுக்குச் சொந்தம், அரசு அதன் அறங்காவலர் என்றார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, நில உரிமையாளருக்கு நியாயமான அளவு எடுக்க உரிமை உண்டு என்றது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. உற்பத்தியை மறுபடி தொடங்கும் எண்ணம் இல்லை என்று 2017இல் நிறுவனம் சொன்னதால் வழக்கு முடிந்தது. யாருடைய நீர் என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. நம் ஊரிலும் "இங்கே யாரும் போர் போடக்கூடாது" என்று அதிகாரத்தை மீறித் தீர்மானம் போட்டால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் ஆட்சியரே அதை ரத்து செய்யலாம்.

அதனால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள், ஆனால் செல்லக்கூடிய வாசகத்தில் போடுங்கள். அரசியல் சாசனத்தின் 11ஆம் அட்டவணை நீர் மேலாண்மையையும் குடிநீரையும் ஊராட்சிக்குரிய பொருள்களாகச் சேர்த்திருக்கிறது. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை கூடியாக வேண்டும். மார்ச் 22, உலக தண்ணீர் தினமே அதற்கு ஒரு நாள். மூன்று ஊராட்சிகளிலும் ஒரே வாசகம் வரட்டும்: குடிநீருக்கு முதலிடம், குளத்தைச் சுற்றி வணிகத்துக்கு நீர் எடுப்பதை நிறுத்த அரசைக் கோருதல், மூன்று ஊருக்கும் பொதுவாக ஒரு நீர்க்குழு. இதோடு 2015ஆம் ஆண்டின் ஊராட்சிக் கிணறு தோண்டுதல் விதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாகப் போர் போடவும் இருப்பதை ஆழப்படுத்தவும் ஊராட்சியின் அனுமதி வேண்டும் என்கிறது அது. குழந்தைகள் குழியில் விழுந்து இறந்ததால் வந்த பாதுகாப்பு விதிதான். நீர் அளவைக் கட்டுப்படுத்த வந்ததல்ல. ஆனால் அந்த மூன்று போருக்கும் அனுமதி இருக்கிறதா என்ற கேள்வியை அது உங்கள் கையில் தருகிறது. போர் துளைக்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ராத்திரியோடு ராத்திரியாக வந்து துளைத்துவிட்டுப் போயிருந்தால், பதில் உங்களுக்கே தெரியும்.

அடுத்து நீங்கள் கேட்ட ஒப்பந்தம். அதற்கு உயிர் தருவது ஊராட்சிகளின் முத்திரை அல்ல, நிலம் வைத்திருப்பவர்களின் கையெழுத்து. வெறுமனே "தண்ணீர் விற்கமாட்டேன்" என்று எழுதினால், தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் என்று சொல்லி, ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி அது செல்லாது என்று வாதிடுவார்கள். எனவே நிலத்தோடு கட்டி எழுதுங்கள்: இன்ன சர்வே எண்ணில் இத்தனை போர்தான், குளக்கரையிலிருந்து இத்தனை தூரத்துக்குள் புதியது இல்லை, எடுக்கும் நீர் அந்த நிலத்தின் விவசாயத்துக்கும் வீட்டுக்கும் மட்டும், கையெழுத்திட்ட மற்றவர்களின் நிலம் பயன்பெறுவதற்காக இந்தக் கட்டுப்பாடு. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 40ஆம் பிரிவு இத்தகைய கட்டுப்பாட்டை ஏற்கிறது. விஷயம் தெரிந்து நிலத்தை வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும். நில உரிமையை மட்டுப்படுத்தும் ஆவணம் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே தீர வேண்டும். பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் ஏறும், நாளை வெளியூர்க்காரர் வாங்கினாலும் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. கூட்டுப் பட்டா என்றால் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். வீட்டிலிருக்கும் அக்கா தங்கைகளின் பங்கை மறந்துவிடாதீர்கள். மூன்றாவது ஊராட்சிக்காகக் காத்திருக்க வேண்டாம். கையெழுத்திடாதவரை இது கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் உங்களையே கட்டுப்படுத்திக்கொண்டு கோர்ட்டுக்குப் போவதற்கும், எல்லோரும் போட்டி போட்டு இழுத்துக்கொண்டே அவரை மட்டும் குறை சொல்வதற்கும் நீதிபதியின் பார்வையில் பெரிய வித்தியாசம் உண்டு.

கையெழுத்திடாத லாரிக்காரருக்கு வேறு வழி இருக்கிறது. 2014 ஜூலையில் பொதுப்பணித் துறை வெளியிட்ட அரசாணை 142இன்படி, வணிகத்துக்கு நிலத்தடி நீர் எடுக்கத் தடையின்மைச் சான்று வேண்டும். அரசாணை சட்டமாகுமா என்று தண்ணீர் வியாபாரிகள் வழக்குப் போட்டார்கள். 2018 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்விகள் போடுங்கள்: இந்த சர்வே எண்ணுக்குச் சான்று தரப்பட்டுள்ளதா, எங்கள் பிர்கா (வருவாய்க் குறுவட்டம்) நிலத்தடி நீர் நிலையில் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது, அருகிலுள்ள அரசு கண்காணிப்புக் கிணற்றின் நீர்மட்ட அளவுகள் என்ன. 30 நாளில் பதில் வர வேண்டும். பிறகு ஆட்சியருக்கும் நீர்வளத் துறைக்கும் மனு, நடவடிக்கை இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் அரசியல் சாசனத்தின் 226ஆம் பிரிவின் கீழ் ரிட்.

அந்த போர்கள் எந்த மின் இணைப்பில் ஓடுகின்றன என்றும் பாருங்கள். விவசாயத்துக்கான இலவச சர்வீஸ் என்றால், மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவின்படி அனுமதித்த காரியத்துக்கல்லாமல் பயன்படுத்துவது முறைகேடு. உரிய கட்டணத்தின் இரண்டு மடங்கு வசூலிப்பார்கள். எப்போது தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். கோர்ட் படியேறாமல் மின்வாரியத்துக்கு ஒரு புகார் போதும். லாரிகளை வேகமாக நிறுத்தக்கூடியது இதுதான் என்பது என் கருத்து. வணிக இணைப்போ டீசல் ஜெனரேட்டரோ வைத்திருந்தால் இது எடுபடாது.

உங்கள் பக்கத்து ஆதாரம்தான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். மூன்று ஊரிலும் சில கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு தேதியில் கயிறு விட்டு மட்டத்தை அளந்து, ஒரே நோட்டில் எழுதி இருவர் கையெழுத்திடுங்கள். லாரி எண், நேரம், நடை எத்தனை என்பதையும் குறியுங்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகும் எண்ணம் இருந்தால், அதற்கான சட்டத்தின் 14ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் தரலாம், அதற்கு மேல் இல்லை. அந்தக் காலம் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஓடுவதால், லாரி எந்தத் தேதியில் முதலில் வந்தது என்பதை இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள். பெண்களும் பட்டியல் சாதியினரும் உங்கள் குழுவில் இருந்தால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அவர்கள் பெயரில் இலவச உதவி கேட்கலாம்.