கணினிக் கேள்வி - பதில்: முதல் பொருள் எங்கே போனது?

கேள்வி: ரிச்சி தெருவில் உள்ள எங்கள் கடையின் சரக்குப் பட்டியலை பிஎச்பி (நிரல்மொழி), மைஎஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்) வைத்து இணையப் பக்கத்தில் காட்டுகிறேன். டேபிளில் 40 பொருள்கள். திரையில் 39தான் வருகின்றன. அதே பட்டியலைப் பக்கத்தின் அடியில் மறுபடி போட்டால் ஒன்றுமே வருவதில்லை. ஏன் சார்?
- வாசகர், பெரம்பூர், சென்னை

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். டேபிளிலிருந்து வரிசைகளை எடுத்துத் தரும் ஃபெட்ச்-அசாக் என்ற ஃபங்ஷனை அழைக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு வரிசையைக் கொடுத்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடும். வரிசைகள் தீர்ந்ததும் 'நல்' (ஒன்றுமில்லை) தரும். அதைத் திரும்பத் திரும்ப அழைக்கும் வைல் லூப் அங்கே நிற்கும். 'தரவு இருக்கிறதா' என்று பார்க்க லூப்புக்கு முன்பே ஒருமுறை அதை அழைத்திருப்பீர்கள். முதல் பொருள் அங்கேயே போய்விட்டது. அந்தச் சோதனைக்கு, வரிசைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் நம்-ரோஸ் போதும்.

முதல் லூப் முடிந்ததும், அடுத்து எடுக்க வேண்டிய வரிசையைக் குறிக்கும் சுட்டி கடைசியில் நிற்பதால் இரண்டாவது லூப்புக்கு எதுவும் மிஞ்சாது. சுட்டியை நகர்த்தும் டேட்டா-சீக்கில் 0 கொடுத்தால் அது தொடக்கத்துக்குத் திரும்பும். ஆனால் 40 வரிசைக்கு, ஃபெட்ச்-ஆலில் அசாக் வகையைக் கொடுத்து அனைத்தையும் ஒரே அர்ரேயில் (தொகுப்பில்) எடுத்து, ஃபோர்ஈச் லூப்பில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டுவதே நல்லது. லட்சக்கணக்கான வரிசைகளுக்கு இப்படிச் செய்யாதீர்கள், மெமரி தாங்காது.

லூப்புக்குள் ஒவ்வொரு பொருளுக்கும் விலை கேட்டுத் தனி க்வெரி (டேட்டாபேஸுக்கான கேள்வி) அனுப்புகிறீர்களா? பட்டியலுக்கான ஒன்றையும் சேர்த்து 40 பொருளுக்கு 41 க்வெரி ஆகிவிடும். டேபிள்களை இணைக்கும் ஜாயின் போட்டு ஒரே க்வெரியில் வாங்குங்கள்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்தால், இணைப்பு ஏற்பட்டவுடன் எழுத்துக் குறியீட்டை அமைக்கும் செட்-சார்செட்டில் யுடிஎஃப்8எம்பி4 கொடுங்கள்; டேபிளும் அதே எழுத்துக் குறியீட்டில் இருக்க வேண்டும்.