பேட்டரிக்காகச் சீட்டைத் தள்ளி எடுக்கலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் தச்சு வேலை செய்கிறேன். என் 12 வோல்ட் டிரில்லின் பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரியில் சார்ஜ் நிற்பதில்லை. அதே வகையில் புதியது (1.5 ஆம்பியர்-மணி) 1,800 ரூபாய். 18 வோல்ட் லித்தியம் டிரில், சார்ஜர், 2 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு சேர்த்து 9,500 ரூபாய். 50,000 ரூபாய் சீட்டை இப்போது எடுத்தால் 12,000 தள்ளுபடி போகும். எடுக்கலாமா? வீட்டுக்கும் ரீசார்ஜ் செல் வாங்கலாமா?

பதில்: சீட்டைத் தொடாதீர்கள். 9,500 ரூபாய்ப் பொருளுக்காக 12,000 ரூபாயை விட்டுக்கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. மாதம் 1,900 ரூபாய் ஒதுக்கினால் ஐந்தாம் மாதம் கையில் காசு இருக்கும். அதுவரை பட்டறையில் கரண்ட் ஒயரில் ஓடும் டிரில் போதும்.

ஆனால் லித்தியமே வாங்குங்கள். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி வரும். அதுதான் பேட்டரி தரும் வேலை. நிக்கல்-காட்மியத்தில் 18 வாட்-மணி. ஒரு வாட்-மணிக்கு 100 ரூபாய். லித்தியம் இரண்டிலும் சேர்த்து 72. இயந்திரம், சார்ஜர் உட்பட ஒரு வாட்-மணிக்கு 132 ரூபாய்தான். எடையும் குறைவு. சில நாள் வேலையில்லாமல் கிடந்தாலும் சார்ஜ் அவ்வளவாக இறங்காது. நிக்கல்-காட்மியம் சும்மா இருந்தே காலியாகிவிடும்.

பெட்டியில் 20, 21 வோல்ட் என்று இருந்தால் மயங்காதீர்கள். 3.6 வோல்ட் செல் ஐந்து சேர்ந்தால் 18. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 ஆக, அதே பேட்டரி 21 காட்டும். ஒரே கம்பெனியில் நில்லுங்கள். பிறகு ரம்பமோ கிரைண்டரோ பேட்டரி இல்லாமல் வெறும் இயந்திரமாக வாங்கலாம். மிச்சம் அங்கேதான் வரும். பேட்டரி உத்தரவாதம் எத்தனை மாதம், கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ சர்வீஸ் உண்டா என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள்.

லித்தியத்துக்கு எமன் சூடு. சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டியிலோ தகரக் கூரைக்கடியிலோ விடாதீர்கள். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜில் போடாமல் ஆறவிடுங்கள். நாள்கணக்கில் வைப்பதானால் பாதிச் சார்ஜ் போதும்.

வீட்டில் பொம்மை, டார்ச் இரண்டுக்கு மட்டும் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வகை ரீசார்ஜ் செல் வாங்குங்கள். அடிக்கடி மாற்றுவதால் சார்ஜர் செலவு திரும்பிவிடும். சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் சாதாரண செல்லே மாதக்கணக்கில் ஓடும். அங்கே ரீசார்ஜ் செல் வீண் செலவு.

பழைய பேட்டரியைக் குப்பையிலோ தீயிலோ போட வேண்டாம். காட்மியம் நஞ்சு, மண்ணிலும் கிணற்றுத் தண்ணீரிலும் இறங்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதிய டிரில் வாங்கும் கடையிலேயே, எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள்.