கேள்வி-பதில்: பன் மாவு ஈஸ்ட்டும் பெட்ரோல் பங்க்கும்

கேள்வி: பேக்கரி நடத்துகிறேன். நாங்கள் மாவில் போடும் ஈஸ்ட்டின் மரபணுவை மாற்றி எரிபொருள் தயாரிப்பதாகப் படித்தேன். அது இயல்பாகவே சர்க்கரையைச் சாராயமாக்குகிறதே, பிறகு ஏன் மாற்ற வேண்டும்?
- வாசகர், இராயபுரம்

பதில்: உங்கள் மாவைப் பொங்க வைப்பதும் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற சாராயத்தைத் தயாரிக்கும் ஆலைத் தொட்டியில் வேலை செய்வதும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஒரே இனம்தான். பன் மாவிலும் கரியமில வாயுவோடு சிறிது எத்தனால் உண்டாகிறது. அடுப்புச் சூட்டில் பெரும்பகுதி ஆவியாகிவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகான மொலாசஸைக் கொடுத்தால் இந்த ஈஸ்ட்டில் எந்த மாற்றமும் தேவையில்லை. வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்க முயலும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

வைக்கோலையும் கரும்புச் சக்கையையும் அமிலத்தாலும் நொதிகளாலும் உடைக்கும்போது, குளுக்கோஸோடு சைலோஸ் என்ற ஐந்து கார்பன் சர்க்கரையும் கணிசமாகக் கிடைக்கிறது; அதை எத்தனாலாக்க இந்த ஈஸ்ட்டுக்குத் தெரியாது. 1990-களில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நான்சி ஹோவின் குழு, வைக்கோல் சர்க்கரையைத் தின்னத் தெரிந்த வேறோர் ஈஸ்ட்டின் மரபணுக்களை இதில் சேர்த்துச் சைலோஸையும் புளிக்க வைத்தது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் 2003-இல் எடுத்துக்கொண்டது இன்னும் சுவையானது: யானைச் சாணத்தில் கிடைத்த பைரோமைசிஸ் என்ற பூஞ்சையின் மரபணு. தழையும் புல்லும் தின்னும் யானையின் குடலில் இருந்த பூஞ்சைக்கு இந்த வேலை பழகியதுதானே!

இத்தோடு முடியவில்லை. வைக்கோலை உடைக்கும்போதே உண்டாகும் அசிட்டிக் அமிலமும் ஃபர்ஃபியூரல் என்ற வேதிப்பொருளும் ஈஸ்ட்டைத் தளரச் செய்கின்றன. அவற்றைத் தாங்கும் ரகங்களை உருவாக்குவதற்கே ஆய்வுக்கூடங்களில் பெரும் உழைப்பு செலவாகிறது. 2022-இல் ஹரியானாவின் பானிப்பட்டில் வைக்கோல் எத்தனால் ஆலை திறக்கப்பட்டது. ஆனால், வயல் வயலாகச் சிதறிக் கிடக்கும் வைக்கோலைக் கட்டி ஆலைக்குக் கொண்டுசேர்ப்பது மரபணு வேலைக்குச் சற்றும் குறையாத சவால் என்பது என் கருத்து.

கேள்வி: மழையில் என் பைக் டேங்கில் தண்ணீர் புகுந்துவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோலில் இது கூடுதல் தொல்லை என்கிறார் மெக்கானிக். ஈஸ்ட் ஆய்வில் இதற்கு வழி உண்டா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: மெக்கானிக் சொல்வது சரி. தண்ணீர் ஓரளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு டேங்கின் அடியில் தங்கிவிடும். இன்ஜினுக்கு முதலில் போவது அந்தக் கலவைதான். ஐசோபியூட்டனால் என்ற மற்றோர் ஆல்கஹால் தண்ணீரோடு அவ்வளவு எளிதில் கலப்பதில்லை. எத்தனாலின் ஒரு லிட்டரில் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் உண்டு. ஐசோபியூட்டனாலில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் உண்டு. வாலின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும்போது ஈஸ்ட் இதைத் துளியளவு இயல்பாகவே உண்டாக்குகிறது. அந்த வழியைப் பெரிதாக்கவே மரபணுக்களைத் திருத்துகிறார்கள். எனினும் ஈஸ்ட் தன் எத்தனால் பழக்கத்தை எளிதில் விடுவதில்லை. சில சதவீத ஐசோபியூட்டனாலே அதற்கு நஞ்சாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே அதை நம்பிக் காத்திருக்காமல், வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் டேங்கை முழுவதும் வடித்துவிடச் சொல்லுங்கள்.